நெருப்பு அறை இருந்த மனை

என் கையெழுத்தோடு மல்லுக்கட்டப் போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கோடு போட்ட தாளில்கூட என் எழுத்து சரிந்து இறங்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அது இல்லாமல் போனதற்கு நான் போட்ட கையெழுத்து ஒரு காரணம். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாலுகா ஊரின் நிலையத்தில் நான் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கர்ணங்கள் போய் வி.ஏ.ஓ.க்கள் வந்த புதிது. அப்பா பெரிய வீட்டுக்காரரிடம் ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்தவர். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வரப்போவது தெரிந்ததும் பெரிய வீட்டுக்காரர் முந்திக்கொண்டு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். குடிசை மட்டும் மிஞ்சியது. அதுவும் அவர் இடத்தில். எங்கள் தெருவே அவர் இடத்தில்தான் இருந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சொன்னபோது, தாலுகா கணக்கில் எங்கள் தெரு தென்னந்தோப்பு என்று எழுதியிருந்தது. தென்னை ஒன்றுகூடக் கிடையாது. அவருக்குக் கோபம் வந்தால் "கூரையப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்புங்கடா" என்பார். கோபம் வருஷத்துக்கு இரண்டு தரமாவது வரும். நான் கல்யாணம் செய்துகொண்டதும் என் மனைவி கேட்ட முதல் விஷயம், நமக்கென்று மூன்று சென்ட் எப்போது என்பதுதான்.

நிலையத்தில் அப்போது இருந்த அலுவலர் நாற்பத்தைந்து வயதுக்காரர். நன்னிலம் பக்கம். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவர் வருவதற்கு முன் பயிற்சி என்றால் ஒன்றுதான். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போடுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். வண்டி மணியடித்துக்கொண்டு வந்து தண்ணீர் அடிக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மந்திரி வந்தால் அவரும் தட்டுவார். அலுவலர் இதைப் பார்த்துவிட்டு, கொட்டகை எரிவது வேறு, கதவு சாத்திய அறை எரிவது வேறு என்றார். வெட்டவெளியில் பழகியவனைச் சாத்திய அறைக்குள் அனுப்பினால் அவனைக் கொன்றதாகத்தான் அர்த்தம் என்றார். முன்பு வேலை பார்த்த ஊரில் அப்படி ஒருவரை இழந்திருக்கிறார் என்று டிரைவர் சொல்லித் தெரியும். அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை.

நிலையத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகப் புறம்போக்கில் பழைய சிமெண்டுக் கிடங்கு ஒன்று பாழாகக் கிடந்தது. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புத் தளம், இரண்டு கதவு, பின்பக்கம் ஒரு ஜன்னல். கேட்டு எழுதி எழுதி, மேலே இருந்து வாய்மொழியாக ஒரு சரி வாங்கினார். தாளில் ஒன்றும் வரவில்லை. அந்தக் குறை பின்னால் வேலையைக் காட்டியது. தார் டிரம்மை நீளவாக்கில் வெட்டி இரண்டு தட்டு செய்தோம். ஜன்னலுக்குத் தகரக் கதவு போட்டு, அதை வெளியிலிருந்து இழுத்துத் திறக்கக் கயிறு கட்டினோம். பழைய கட்டில், நாற்காலி, மூட்டை இவற்றை உள்ளே போட்டு வீட்டு அறை மாதிரி ஆக்கினோம். புகையில் எதிலாவது காலை இடித்துப் பழக வேண்டும் என்பார்.

நெருப்பு வைக்கிறவன் நான். தட்டில் மூன்று கட்டு வைக்கோல், அதற்கு மேல் ஈரம் தெளித்த ஒரு கட்டு. காய்ந்தது எரியும், ஈரம் புகையும். மூன்றுக்கு மேல் நாலாவது காய்ந்த கட்டு வைக்க எனக்கு அனுமதி இல்லை. மண்ணெண்ணெய் நிலையத்துக்குள்ளேயே வரக்கூடாது. உள்ளே போகும் குழாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியே இரண்டாவது குழாயைப் பிடித்துக்கொண்டு அவரே நிற்பார். புது ஆள் தனியாகப் போகமுடியாது, அனுபவப்பட்டவர் ஒருவர் கூடப் போவார். வாசலில் ஆறு ஆணி அடித்திருந்தோம். உள்ளே போகிறவர் தன் துணித் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு இரும்புத் தொப்பியோடு போக வேண்டும், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் தொப்பி இருந்தால் ஆள் உள்ளே. அந்த ஆணிகளைப் பார்ப்பதும், ஒரு விசிலுக்குக் கயிற்றை இழுப்பதும் என் வேலை.

கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார். நிற்காதே, உட்கார். கதவடியைப் பார். புகை வெளியே மட்டும் வந்தால் ஒரு மாதிரி. வெளியே வந்து, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டால், அந்த அறை காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது கதவைத் திறந்தால் நெருப்பு உன் மேல் பாயும். முதலில் புகைக்கு வேறு பக்கம் வழிவிடு. பிறகு ஒரு சாண் திற, மேலே பார்த்துத் தண்ணீர் அடி, மூடு, பொறு. இதை முப்பது நாற்பது தடவை செய்யவைப்பார். முதல் வாரம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஒருவர் என்னிடம், "ஒங்க அய்யா நம்மளச் சுட்ட கருவாடா ஆக்காம விடமாட்டாரு" என்றார். அடுத்த மாதம் அவரே புதியவர்களுக்கு முன்னால் தவழ்ந்து போய்க் காட்டினார்.

ஒரு நாள் விசில் ஊதி எல்லாரும் வெளியே வந்தார்கள். முகம் கழுவிக்கொண்டும் இருமிக்கொண்டும் நின்றார்கள். நாலாவது ஆணியில் தொப்பி இருந்தது. எனக்குத் தெரிந்தது. கத்த வேண்டும். வாய் வரவில்லை. கயிற்றை மறுபடி மறுபடி இழுத்தேன். தகரக் கதவு டமார் டமாரென்று அடித்தது. அலுவலர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் ஆணியைக் காட்டினேன். அவரே உள்ளே ஊர்ந்துபோய், கட்டிலுக்கு அந்தப் பக்கம் திசை தவறி உட்கார்ந்திருந்த பையனை இழுத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு ஒன்றுமில்லை. நான் வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன்.

"நீ பேச வேணாம்ப்பா. பாத்தேல்ல, அது போதும்" என்றார் அவர்.

என் வேலையைப் பற்றி ஒருவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மூன்றாவது வருஷம் குறுவை அறுப்பில் தகராறு வந்தது. அறுப்புக் கூலியை ஏற்ற வேண்டும் என்று சங்கம் கொடி கட்டியது. பெரிய வீட்டுக்காரர் முடியாது என்றார். எங்கள் தெரு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். அவர் வலங்கைமான் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து, போலீஸ் காவலோடு அறுத்தார். ஐப்பசி மழை வாசலில் நின்றது. வந்தவர்களுக்கு எப்போது ஊர் திரும்பலாம் என்பதே கவலை. அடித்த வைக்கோலைக் காயவிடாமல் ஈரத்தோடு அள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் களத்தில் பெரிய போராகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஈர வைக்கோலைப் போர் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். உள்ளே வெந்துகொண்டே இருக்கும். பிரித்து உலர்த்தாவிட்டால் ஒரு நாள் தானாகப் பற்றிக்கொள்ளும். பயிற்சிக்கு வைக்கோல் வாங்க அந்தக் களத்துக்குப் போனவன், போருக்குள் முழங்கை வரை கையை விட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. ஆவி வந்தது, புளித்த வாடை அடித்தது. பெரிய வீட்டு நிலபுலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரிடம் போய், போர் சுடுகிறது, பிரிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"போருக்குக் காய்ச்சலா? டாக்டர வரச்சொல்லு, ஊசி போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

பிரிப்பதற்கு ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் வந்து கேட்க வேண்டும். அதற்குப் போர் எரியட்டும் என்று இருந்தார்களோ என்னவோ. நான் நிலையத்திலும் சொல்லவில்லை. சொன்னதற்குச் சிரித்தார்கள் என்ற கூச்சம். மூன்றாம் நாள் பட்டப்பகலில் போர் நடுவிலிருந்து புகைந்து, வெடித்து எரிந்தது. அன்றைக்கு அலுவலர் தஞ்சாவூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அறையில் நாங்கள் நெருப்பே வைக்கவில்லை. முதல் நாளும் வைக்கவில்லை. நம் வண்டிதான் போய் அணைத்தது.

சங்கத்து ஆட்கள்தான் கொளுத்தினார்கள் என்று பெரிய வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். எங்கள் தெருவில் பதினொரு பேர் பெயர். அதில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர். ஆண்கள் கரும்புக் கொல்லையிலும் கோரைப் புதரிலும் போய்ப் படுத்தார்கள். என் மனைவி இரண்டு நாள் உலை வைக்கவில்லை.

அப்போதுதான் கரை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். ஆளும் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். பெரிய வீட்டிலும் காப்பி குடிப்பார், எங்கள் தெருவிலும் தோளில் கை போடுவார். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். போரை யாரும் கொளுத்தவில்லை, நெருப்பு அறையிலிருந்து பொறி பறந்து விழுந்தது என்று வைத்துக்கொண்டால் பதினொரு பேர் மேலும் வழக்கு இல்லை. ஈர வைக்கோலைப் போர் போட்டார் என்ற கேலி பெரிய வீட்டுக்காரருக்கும் இல்லை. அறையை ஆபத்து என்று சொல்லி எடுத்துவிட்டால் அந்தப் புறம்போக்கில் எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா வாங்கிக் கொடுத்துவிடலாம். சாட்சிக்கு ஓர் ஆள்தான் வேண்டும்.

"நெருப்பு வைக்கிறவன் நீதானே. நீ சொன்னா எவன் இல்லம்பான்? ஒனக்கு மொத மனை. எங்க வேணுமோ காட்டு" என்றார் என்னிடம்.

அன்று ராத்திரி என் மனைவி சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த ரூம்ல யாரு குடியிருக்காங்க?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். "அப்பறம் என்ன?"

தாலுகா அலுவலகத்தில் தட்டச்சு செய்த தாளை என் முன்னால் வைத்தார்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பயிற்சி நடந்ததாகவும், காற்றடித்ததாகவும், பொறி பறந்ததை நான் என் கண்ணால் பார்த்ததாகவும் இருந்தது. முழுக்க விளங்கியது. உண்மையைச் சொன்னாலும் பதினொரு பேரும் தப்பியிருப்பார்கள் என்பதும் விளங்கியது. போர் தானாக வெந்தது என்று நான் ஒருவன் நிமிர்ந்து சொல்லியிருந்தால் அதை நம்ப அந்த ஊரில் ஆள் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மனை கிடைக்காது. கையெழுத்துப் போட்டேன். அதுவும் கோணல்தான்.

அனுமதித் தாளைக் கேட்டார்கள். அலுவலரிடம் தாள் இல்லை. வாய்மொழியாகச் சரி சொன்ன மேலதிகாரிக்கு ஞாபகம் வரவில்லை. அலுவலரைக் கடலோரம் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் வழி மாறிப் போகப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டார்.

"அன்னிக்கு நாம நெருப்பே வைக்கலையேப்பா" என்றார்.

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"மன கெடைக்குமா?"

"கெடைக்கும்னு சொல்லியிருக்காங்கய்யா."

அவர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, "கெடச்சா மேடாப் பாத்து வாங்கிக்க. இந்தப் பக்கம் மழைக்குத் தண்ணி நிக்கும்" என்றார். அறைந்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். மனை பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அறையை இடித்தார்கள். ரோட்டோரமாக இருந்த நல்ல பாதி மனைக்கு வரவில்லை. அங்கே பெரிய வீட்டுக்காரரின் மருமகன் அரிசி ஆலை வைத்தார். கரை வேட்டிக்காரருக்கு அதில் பங்கு என்று பேச்சு. கூலி விஷயத்தில் கேட்டதில் பாதி கொடுத்து முடித்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத்தான் பட்டா வந்தது. மிச்சப் பேர் இன்னும் தென்னந்தோப்பில்தான் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் சொன்ன வாக்குத் தவறவில்லை. மேடான இடமாகக் காட்டினேன். மேடு அந்த அறை இருந்த இடம்தான். அதன் செங்கல்லையே பொறுக்கிச் சுவர் வைத்தேன். ஒரு பக்கம் கரி ஏறிய கல். கரிப்பக்கம் உள்ளே போகும்படி வைத்து மேலே பூசிவிட்டேன்.

அதற்குப் பின் நிலையத்தில் பயிற்சி என்பது பழையபடி மைதானத்துக் கொட்டகைக்குத் திரும்பியது. அறையில் பழகியவர்கள் ஒவ்வொருவராக மாற்றலில் போனார்கள். வருஷங்கள் ஓடின. ஆட்சி மாறியது, திரும்ப மாறியது. நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன். எனக்கு எல்லாப் பாடமும் தெரியும். ஒருவருக்கும் சொன்னதில்லை. பெருக்குகிறவன் சொல்லி யார் கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் கும்பகோணத்துக்கார இளைஞர் ஒருவர் பணியில் சேர்ந்தார். கலகலப்பானவர். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார். என் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு, "ஒரு நாளாச்சும் நீங்க உக்காருங்க, நாங் கூட்டுறேன். நீங்க போய் நெருப்ப அணைங்க" என்பார். நானே சிரித்துவிடுவேன்.

அந்தக் கோடையில் கடைத்தெருவில் மெத்தைக் கடை ஒன்று புகைந்தது. பின்கட்டில் இலவம் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய அறை. ஜன்னல் கிடையாது, கதவு சாத்தியிருந்தது. மணியடித்து வண்டி போனது. திரும்பி வந்தபோது அந்த இளைஞர் அதில் இல்லை. டிரைவர் பம்பு அருகே உட்கார்ந்துகொண்டு எல்லாரிடமும் சொன்னார். வெளியில் ஜுவாலையே இல்லையாம். வெறும் புகை என்று நினைத்தார்களாம். "கதவுக்கு அடியில பொக வெளிய வருது, உள்ள போவுது, வெளிய வருது, உள்ள போவுது. மூச்சு வாங்குற மாதிரி. தம்பி நேரா நின்னுக்கிட்டு ஒரே இழுவையா தொறந்துட்டான்" என்றார்.

நான் கூட்டிய குப்பையை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அவர் சாகவில்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கிடந்தார். முகத்தில் பாதி, இரண்டு கையும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டன. நிலையத்திலேயே போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். பெண் பார்த்து வைத்திருந்தார்கள், அது நின்றுபோனது. கலகலப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன பொங்கலுக்கு என் மனைவி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக் குடித்தார்.

"அண்ணே, டிரைவர் யாரோ சொல்லிக் கேட்டாராம். முன்னாடி இங்கதான் எங்கயோ ஒரு ரூம்புல நெருப்பு வெச்சுப் பழக்குவாங்களாமே?"

"ஆமா" என்றேன்.

"கதவு தொறக்கவே தனியா சொல்லிக்குடுப்பாங்களாம். நெசமாவா?"

"ஆமா."

"அங்க பழகுனவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையாமே."

"ஆகல."

"அப்பறம் ஏன் இடிச்சாங்க?"

என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

"ஒரு வைக்கப்போரு எரிஞ்சுபோச்சு, தம்பி. பொறி பறந்துடுச்சுன்னு சொன்னாங்க" என்றேன். தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன். எத்தனையோ வருஷம் கழித்தும் எனக்கு அந்த வரி மனப்பாடம்.

"எந்த எடம்ணே அது?"

நான் கையை நீட்டி அரிசி ஆலையைக் காட்டினேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் நாளிலும் ஆலைப் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. அவருடைய நாற்காலிக் கால் இருந்த இடத்தில்தான் அந்த அறையின் வாசல் இருந்தது.

அவரிடம் இந்தத் தாள்களைக் கொடுக்கப் போகிறேன். பிடிக்கக் கை உதவாது, மேஜைமேல் விரித்து வைத்தால் படித்துக்கொள்வார். படித்தபின் என் வீட்டுப் பக்கம் வராமல் போனால் அது அவருக்கு உள்ள நியாயம். மன்னிப்புக் கேட்டு இதில் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். மற்றதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அவர் இடம் கேட்டது தை இரண்டாம் நாள். சரியான இடத்தை நான் எழுதியது ஆவணி பதினெட்டு, வியாழக்கிழமை.